வேப்பங்குச்சி எங்கே போயிற்று?

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் மகள் செண்பகத்துக்கு வலது மூக்குக் குத்தி, துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தோம். ஒருநாள் குச்சியைக் காணவில்லை. எங்கோ விழுந்திருக்கும் என்று வேறொன்றைச் செருகினோம். சில மாதத்தில் அவளுக்கு மூக்கில் சீழும் நாற்றமும் ஓயாத தலைவலியும் வந்தன. பீனிசம் என்று எல்லாரும் சொல்ல, மஞ்சள் புகை பிடிக்க வைத்தோம், மூக்குப்பொடியும் போட்டோம். நாற்றத்தால் சேத்தூரிலிருந்து வந்த கலியாணச் சம்பந்தமும் தட்டிப்போயிற்று.

கடைசியில் வண்டி கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மூக்கினுள் வெளிச்சம் பாய்ச்ச நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்த டாக்டர், "ரெண்டு மூக்குலயுமா வருது?" என்று கேட்டார்.

"வலதுல மட்டுந்தான் ஐயா. அம்புட்டு வைத்தியம் பாத்தோம், இதை ஒருத்தரும் கேக்கலையே," என்றாள் என் மனைவி.

அவர் மருந்து தடவி மூக்கை மரத்துப்போகச் செய்து, இடுக்கியால் கறுத்த குச்சியொன்றை வெளியே எடுத்தார். நாங்கள் தொலைத்த அதே குச்சி.

திரும்பும் வழியில், "அப்பா, மாட்டுச் சாணி வாடை வருது," என்றாள் செண்பகம். அத்தனை மாதமும் தன் மூக்கின் நாற்றம் தவிர வேறு வாடை அறியாதிருந்தவள். என் மனைவி அழுதுவிட்டாள். அந்த டாக்டர் நன்றாயிருக்க வேண்டும்.

இப்போது எங்கள் தெருவில் யாருக்கு மூக்குக் குத்தினாலும், குச்சி விழுந்துவிட்டது என்றால் நான் நம்புவதில்லை. எடுத்துக் காட்டு என்கிறேன்.