நவமணியின் கறுப்புத் திரை

ஒருவருடைய மேசையில் கை வைப்பதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இந்தச் சின்ன மரியாதைகூடத் தெரியாதவர்களுக்கு எப்படித்தான் மேனேஜர் பதவி கொடுக்கிறார்களோ.

சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருக்கும் நவமணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கோப்புகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. திரையில் இருக்கும் எழுத்தை ஒரு மென்பொருள் அவள் காதில் வாசித்துச் சொல்லும். படம் வந்தால் "படம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அதனால் படமே இல்லாத, வெறும் எழுத்தால் ஆன நிரல்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள்.

அதுவும் லேசில் அமையவில்லை. ஒன்று, திரையை மூன்று பத்தியாகப் பிரித்துக் காட்டியது. கண் தெரிந்தவர்களுக்கு வசதிதான். குரலோ குறுக்கே வாசித்து, ஃபோல்டர் பெயர், கோப்பின் பெயர், கோப்புக்குள் இருக்கும் வரி எல்லாவற்றையும் ரோஜாக் கலவை மாதிரி ஒன்றாகக் கலக்கிவிட்டது. ஊரே மெச்சிய இரட்டைப் பலகை நிரலிலும் அதே தலைவலி. இடப்பக்கத்துப் பில்லோடு வலப்பக்கத்து லீவுக் கடிதம் ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில், வரிக்கு ஒரு பெயர் மட்டும் காட்டுகிற சாதாரண நிரல் ஒன்று கைக்குப் படிந்தது. நீளமான கோப்பை வாசிக்க இன்னொன்று. தேடும் சொல்லைத் தட்டினால் அந்த வரியிலேயே போய் நிற்கும். துறைமுக அறிவிப்புகளுக்கு, விளம்பரத்தை உதறிவிட்டு எழுத்தை மட்டும் தரும் உலாவி. இவற்றை வைத்துக்கொண்டு, யார் எந்தக் கோப்பைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

தைப்பூசத்துக்கு லீவு போட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, மறுநாள் வேலைக்கு வந்து உட்கார்ந்தாள். "படம். பட்டன். படம். பட்டன்" என்றது குரல். பாடுபட்டுச் சேர்த்த நிரல்களில் ஒன்றுகூட இல்லை.

மேனேஜர் யுகேந்திரன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, உங்க ஸ்கிரீன் கறுப்பா, வெறும் எழுத்தா இருந்துச்சு. தலைமை ஆபீஸ்லருந்து ஆளுங்க வராங்க. பாத்தா கெட்டுப்போன கம்பியூட்டர்னு நெனப்பாங்க லா. அதான் எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசு போடச் சொன்னேன். உங்களுக்காக ஐகான் எல்லாம் பெருசா வச்சிருக்கோம்."

பெரிய ஐகான். கண்ணே தெரியாதவளுக்கு. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

"இதுல எனக்கு வேல ஓடாது தம்பி. பழையபடி போட்டுக் குடுங்க."

"கசியான்லா அக்கா, நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? ஃபைல் வேலய பக்கத்து மேசை இக்மல் பாக்கட்டும். நீங்க ஃபோன் எடுத்தா போதும்."

பரிதாபப்படுகிறானாம். அவள் வேலையைப் பிடுங்கி இன்னொருவன் கையில் கொடுப்பதற்குப் பெயர் பரிதாபம். நவமணி அவன் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"நான் கஷ்டப்படுறேன்னு எப்ப சொன்னேன்? அந்தக் கறுப்பு ஸ்கிரீன் யாருக்குக் கஷ்டம்?"

யுகேந்திரன் தயங்கினான். "பாக்க வர்றவங்களுக்குத்தான்..."

நவமணி எழுந்தாள். திரையின் பின்பக்கத்தைத் தடவி, வயர்களைப் பிடுங்கினாள். திரையைத் தூக்கி அவன் நெஞ்சில் இடிக்கும்படி நீட்டினாள்.

"இது எனக்கு ஒரு நாளும் தேவப்பட்டதில்ல தம்பி. நீங்க பாக்குறதுக்குத்தான் இங்க இருந்துச்சு. எடுத்துட்டுப் போங்க. என் புரோகிராம மட்டும் திருப்பிப் போடுங்க."

ஆபீஸே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வாங்கிக்கொண்டான்.

சாயங்காலத்துக்குள் நிரல்கள் திரும்பி வந்துவிட்டன. தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்தபோது, இந்த மேசையில் மட்டும் ஏன் திரை இல்லை என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை யுகேந்திரனுக்கே விட்டுவிட்டு, நவமணி அடுத்த கோப்பைத் திறந்தாள்.