முப்பதாவது மணி இலை

தோத்தாத்ரி ஒரு வேலையைப் பத்து மணிக்குச் செய்தேன் என்றால் அது பத்து மணிதான். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக ஆய்வக உதவியாளர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டு. செடிக்குத் தண்ணீர் விட்டது, ஃபிரீசரைத் திறந்தது எல்லாம் நேரத்தோடு அதில் இருக்கும். பெரிய பெரிய டாக்டர்களே, "தோத்தாத்ரி எழுதிட்டாரா? அப்ப சரி" என்பார்கள். அதில் மனுஷருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்காதா பின்னே?

2004 மார்ச். விஷ்ணுப்ரியா என்ற ஆராய்ச்சி மாணவி, நெற்பயிருக்குக் குலைநோய் கொண்டுவரும் பூஞ்சையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். பூஞ்சையில் ஆயிரக்கணக்கான ஜீன்கள். எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. இலைக்குள் நுழைந்த பிறகுதான் சில விழித்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று, பூஞ்சையைத் தெளித்த முப்பதாவது மணி நேரத்தில் மட்டும் விழிக்கிறது என்று ஒரு சின்னச் சோதனையில் கண்டிருந்தாள். அதை உறுதி செய்யத்தான் இந்தப் பெரிய சோதனை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாற்றுகளில் தெளித்துவிட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் இலையை வெட்டி, திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு காலை கண் சிவந்து நின்றவளைப் பார்க்கத் தோத்தாத்ரிக்கே பாவமாக இருந்தது.

"போய்த் தூங்கும்மா. ஒன்பது மணி இலை, மூணு மணி இலை, ரெண்டையும் நான் வெட்டிப் போடறேன். இது என்ன பிரம்ம வித்தையா?"

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மனுஷர் செய்த காரியத்தைக் கேளுங்கள். அன்றைக்கு மத்தியானம் இந்தியா–பாகிஸ்தான் மேட்ச். அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டு டிவி முன்னால் காலனியே கூடும். ஒன்பது மணிக்கு ஒரு கட்டு இலை வெட்டினார். கையோடு, மத்தியானம் மூன்று மணிக்கு வெட்டவேண்டிய கட்டையும் வெட்டி, அதன்மேல் 'முப்பதாவது மணி' என்று எழுதி உறைய வைத்தார். நோட்டிலும் மூன்று மணி என்றே எழுதினார். ஆறு மணி நேரத்தில் ஓர் இலை என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது? மேட்சை ரசித்துப் பார்த்தார். விஷயத்தை மறந்தும் போனார்.

மே மாதம் முடிவு வந்தது. இருபத்து நாலாவது மணியில் அந்த ஜீன் தூங்கியது. முப்பதாவதிலும் தூங்கியது. இன்னொரு தடவை செய்து பார்க்க நிலையத்துக்கு வசதியில்லை. விஷ்ணுப்ரியாவின் வழிகாட்டி உமேஷ் சார் அவளையும் தோத்தாத்ரியையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"முப்பதாவது மணி இலையை மூணு மணிக்குத்தானே வெட்டினீங்க?"

அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே! உண்மை நாக்கு நுனிவரை வந்தது. இருபத்தாறு வருஷத்துப் பெயர் அதை உள்ளே தள்ளியது.

"ஆமாம் சார். நோட்டுல இருக்கு."

உமேஷ் அவள் பக்கம் திரும்பினார். "அப்போ உன்னோட முதல் ரிசல்ட் எங்கேருந்து வந்துது? நீயா உட்கார்ந்து வரைஞ்சியா?"

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "அண்ணா நேரத்துல தப்பு பண்ண மாட்டார் சார். நான்தான் எங்கேயோ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அடுத்த மாதம் படிப்பை விட்டுவிட்டுப் போனாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அதற்கப்புறம் அந்த நோட்டைத் தொடவே தோத்தாத்ரிக்குக் கை கூசியது. யாராவது அவர் நேரந்தவறாமையைப் புகழ்ந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வீட்டில் மனைவி பட்டு, "ஏன்னா, சாதத்தைப் பிசைஞ்சுண்டே உட்கார்ந்திருக்கேளே, என்ன ஆச்சு?" என்று கேட்டால் எரிந்து விழுந்தார். பெண்டாட்டியிடம் சொல்லவும் வெட்கம். ஒரு பெண்ணின் படிப்பு போனதற்குச் சொல்லக்கூடிய காரணமா அது, மேட்ச்!

ஒரு வருஷம் தாங்கினார். விஷ்ணுப்ரியா கேளம்பாக்கம் பக்கம் ஏதோ கம்பெனியில் இருக்கிறாள், வேன் சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் இறக்கிவிடுகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அங்கே ஒரு பேக்கரி வாசலில் போய் நின்றார். முதல் நாள் அவளைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார், ஐம்பத்தைந்து வயது மனுஷர்! மறுநாள் அவளே பார்த்துவிட்டாள்.

"அண்ணா! எப்படி இருக்கீங்க? காபி சாப்பிடலாம் வாங்க."

"அன்னிக்கு இலையை நான் மூணு மணிக்கு வெட்டலைம்மா."

அவள் சிரித்தாள். "எனக்காகப் பொய் சொல்லாதீங்க அண்ணா. நான் தப்பாப் பார்த்திருக்கேன், அவ்வளவுதான். இப்பல்லாம் ஆபீஸ்ல ஒரு மெயிலைக்கூட நாலு தடவை படிச்சுட்டுத்தான் அனுப்பறேன். என் கண்மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

இதைக் கேட்பதற்கு அவள் செருப்பால் அடித்திருந்தால் தேவலை. தப்பித்துப் போகவும் வழி இருந்தது. கூடவே சிரித்துவிட்டுக் காபி குடித்தால் போதும்.

"மேட்ச் பார்க்கப் போயிட்டேன்" என்றார் தோத்தாத்ரி. "ரெண்டு கட்டையும் காலைலயே வெட்டி, ஒண்ணுமேல பொய்யா எழுதினேன். சார் கேட்டப்போ மறுபடியும் பொய் சொன்னேன்."

அவள் சிரிப்பு நின்றது.

"அப்படின்னா... நான் பார்த்தது நிஜமா?"

"உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா."

நடுரோடு என்றும் பாராமல் அவள் அழுதாள். தேற்றுவதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவருக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை உமேஷ் சார்கிட்ட வந்து சொல்வீங்களா?" என்று கேட்டாள். இந்தத் தடவை அண்ணா என்று சொல்லவில்லை.

"சொல்றேன்" என்றார். பஸ் இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை. அதனால், பேக்கரியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னார்.