வலப்பக்கம் ஏறிய வெளிச்சம்

1. ஒரு வரித் தாள்

இங்கிலாந்தில் வாகனம் ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று வருடா வருடம் பார்க்கும் எம்.ஓ.ரி. பரிசோதனையில் அது தோற்றால், என்ன பிழை என்று எழுதிப் பரிசோதகர் ஒரு தாள் தருவார். அன்று பரிசோதகர் டெறிக் என் கையில் தந்த தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. இங்கிலிஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இருபத்திரண்டு வருடம் லண்டன் எட்மண்டனில் கராஜ் வேலை செய்தவனுக்கு ‘ஹெட்லாம்ப்’ என்ற சொல் தெரியாமல் இருக்காது. முன் லைற் இரண்டும் பிழை.

பரிசோதனை நிலைய வாசலில் சாந்தி அக்கா சக்கர நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கணவர் பாலன் அண்ணை.

“என்ன தம்பி, பாஸோ?” என்று அக்கா கேட்டார்.

நான் தாளை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“லைற்றிலை பிரச்சினை இல்லையெண்டு நீங்கள் தானே சொன்னனீங்கள்?”

நான் அப்படிச் சொல்லவில்லை. வாகனத்தை முதல் தரம் கொண்டு வந்த அன்று, “முன் லைற் ஓகேயோ?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வாடிக்கையாளரோடு பேச எனக்குக் கூச்சம். தலையை ஆட்டினால் அடுத்த கேள்வி வராது என்பது என் பழக்கம். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அவர் ஒரு வேலைக்கு ஓம் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிகளில் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கும் வேலை. காலையில் ஓர் ஆஸ்பத்திரி, மத்தியானம் வேறொன்று. சொந்த வாகனம் இல்லாமல் அதைச் செய்ய ஏலாது. வேலை தொடங்குவது வரும் திங்கட்கிழமை. அன்று செவ்வாய்.

2. மூன்று வாகனம், ஒரு கம்பனி

நான் ஏன் பார்க்காமல் தலையாட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் கராஜுக்கு வருகிறவற்றில் பாதிக்கு மேல் ஓர் அமெரிக்கக் கம்பனியின் வாகனங்கள். கடைக்காரர்கள் வான் வைத்திருப்பார்கள். கட்டட வேலை செய்கிறவர்கள் பிக்அப் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எஸ்.யு.வி. வைத்திருக்கும். மூன்றிலும் ஒரே சின்னம். ஆனால் லைற் வேலை மூன்றிலும் வேறு.

வானுக்கு லைற் தாழ்வாக இருக்கும். பின்னால் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றிக் கையை விட்டால் பல்பு மாற்றலாம். பாரம் ஏற்றினால்தான் தொல்லை. பின்பக்கம் பதிய, மூக்கு நிமிரும், வெளிச்சம் எதிரே வருகிறவன் கண்ணுக்குப் போகும். பலசரக்குக் கடைப் பெடியன் ஒருவன் வந்து முறையிட்டான்: “அண்ணை, ரோட்டிலை எல்லாரும் எனக்கு லைற் அடிக்கிறாங்கள். தெரிஞ்ச ஆக்களாக்குமெண்டு நானும் கை காட்டிக்கொண்டு போறன்.” வானுக்குள்ளே மேல்தட்டு வரை அரிசி மூட்டை. ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் வெளிச்சத்தைத் தாழ்த்தும் சின்னச் சில்லு பூச்சியத்தில் இருந்தது. அதை மூன்றுக்குத் திருப்பிவிட்டேன். அதோடு அவனுக்குக் கை காட்டும் வேலை முடிந்தது.

பிக்அப்பில் லைற்றே உயரம். சின்னக் கார் ஓட்டுகிறவரின் கண் மட்டத்துக்கு வரும். அதனால் வானை விடக் கூடுதலாகத் தாழ்த்தி வைக்க வேண்டும். எஸ்.யு.வி. இரண்டுக்கும் நடுவே. ஓடுவதற்குச் சொகுசு, ஆனால் ஒரு பல்பு மாற்றவே முன்பக்க பம்பரைக் கழற்ற வைக்கும். வேலை செய்கிறவனைக் கேட்டால் வான்தான் நல்லது என்பேன். ஏறி இறங்குகிறவரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இந்த நாட்டில் விற்கிற மூன்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. தாழ்ந்த வெளிச்சம் இடப்பக்கம், நடைபாதைப் பக்கமாகக் கொஞ்சம் மேலே ஏறும். நாங்கள் இடப்பக்கம் ஓடுவதால் அதுதான் சரி. சிலவற்றில் லைற்றுக்குள்ளே ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதைத் தட்டிவிட்டால் வெளிச்சம் மறுபக்கம் ஏறும். வலப்பக்கம் ஓடுகிற பாரிஸுக்குக் கலியாணத்துக்குக் காரில் போகிற எங்கள் சனத்துக்கு நான் எத்தனையோ தரம் அதைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

சாந்தி அக்காவின் எஸ்.யு.வி. ரொறன்ரோவில் இருந்து கப்பலில் வந்தது. மகள் இங்கே லண்டன் இல்ஃபோர்டில் இருப்பதால் அவளுக்குக் கிட்ட இருக்கலாம் என்று அவர்கள் வீட்டுச் சாமானோடு வாகனத்தையும் கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. சாந்தி அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே பலம் இல்லை. அக்ஸிலறேற்றரும் பிரேக்கும் கையால் இயக்கும்படி அங்கே மாற்றியிருந்தார்கள். ஸ்ரியரிங் இடப்பக்கம். பாலன் அண்ணைக்குக் கார் ஓட்டத் தெரியாது. அக்கா சொன்னார்: “தம்பி, எனக்குக் கால் இதுதான். லண்டனுக்கு வந்து ரெண்டு மாசமா நான் கால் இல்லாமல் இருக்கிறன்.”

இந்த நாட்டுச் சட்டத்துக்கு ஏற்ப, பின்னால் சிவப்பாக மினுங்கிய சிக்னலை மஞ்சளாக்கினேன். பின்புறப் பனிமூட்ட லைற் இல்லை, அதையும் பூட்டினேன். முன் லைற்றுக்குள் அந்த நெம்பு இருக்கும், கடைசியில் தட்டினால் போதும் என்று நினைத்தேன். ஒரே சின்னம்தானே. நினைத்தபடியே அதை மறந்தும் போனேன். தட்டுவதற்கு அதில் நெம்பே இல்லை என்பது டெறிக்கின் தாள் வந்த பிறகுதான் தெரியும். அது வலப்பக்கம் ஓடுகிற நாட்டுக்கென்றே செய்தது. இங்கே ஓட்டினால் வெளிச்சம் எதிரே வருகிறவர் பக்கம் ஏறும்.

3. கறுப்புத் துண்டு

கராஜ் முதலாளி குணம் அண்ணை தாளைப் பார்த்தார்.

“யோகன், நீ வாகனத்தை ஒழுங்காப் பார்ப்பாய். ஆனால் வாயைத் திறக்கமாட்டாய். தெரியாதெண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் அண்டைக்கே போன் போட்டு விசாரிச்சிருப்பனே.”

அதற்கும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

அந்த மாதிரி வாகனத்துக்கு இந்த நாட்டு லைற் கிடைக்கவில்லை. மிச்சம் ஒரு வழி இருந்தது. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் லைற்றில் ஒட்டும் கறுப்புத் துண்டு. மேலே ஏறுகிற வெளிச்சத்தை அது மறைக்கும். உறுதியாக ஒட்டி, போதிய வெளிச்சம் வந்தால் எம்.ஓ.ரி.க்கு ஏற்றுக்கொள்வார்கள். எங்கே ஒட்டுவது என்று பைக்கற்றில் படம் இருக்கும். ஐரோப்பிய வாகனம் எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. இதற்கு இல்லை.

வியாழன் மத்தியானம் கராஜின் ஷட்டரை இறக்கி இருட்டாக்கினேன். வாகனத்தைச் சுவருக்கு நேரே நிறுத்தி லைற்றைப் போட்டேன். சுவரில் வலப்பக்கம் வெளிச்சம் படி மாதிரி ஏறி நின்றது. கைவிரலால் கண்ணாடியை மறைத்து மறைத்துப் பார்த்து, திரும்பித் திரும்பிச் சுவரைப் பார்த்து, இரண்டு மணித்தியாலத்தில் இடத்தைக் கண்டுபிடித்தேன். கருநாவல்பழம் அளவான இடம்தான். கண்ணாடியில் எழுதும் கிறீஸ் பென்சிலால் அடையாளம் போட்டு, கறுப்புத் துண்டை வெட்டி ஒட்டினேன். படி மறைந்தது. மனம் இலேசானது.

டெறிக் வெள்ளி காலை ஒன்பது மணி தந்திருந்தார். அதை விட்டால் அடுத்த புதன். குணம் அண்ணை சாந்தி அக்காவுக்குப் போன் போட்டு, வாகனம் தயார், எட்டரைக்கு வாருங்கள் என்றார். என்ன செய்தேன் என்று குணம் அண்ணைக்கு நான் சொல்லவில்லை. சொல்லாததால் அவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

4. வெள்ளிக்கிழமை ஒன்பது மணி

வெள்ளி காலை அவர்கள் வந்தபோது நான் ஒரு வானின் கீழே படுத்திருந்தேன். சாம்பிராணி மணந்தது. பாலன் அண்ணை ஏதோ கும்பிடுகிறார் என்று விட்டுவிட்டேன். கை கழுவி வந்தபோது அக்கா ஸ்ரியரிங்கில் ஏறி இருந்தார். நான் பக்கக் கதவால் வலப்பக்கச் சீற்றிலும் பாலன் அண்ணை பின்னாலும் ஏறினோம். சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசிந்த சத்தம் கேட்டது. இரண்டு தெரு தள்ளித்தான் பரிசோதனை நிலையம்.

இறங்கி முன்பக்கம் வந்தேன். இரண்டு லைற்றின் நடுவிலும் உள்ளங்கை அளவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். கறுப்புத் துண்டைக் காணவில்லை.

“அண்ணை, இதிலை ஒரு கறுப்பு...”

“ஓம் தம்பி, நான்தான் உரிச்சனான்,” என்றார் பாலன் அண்ணை சந்தோசமாக. “ஆரோ குப்பைப் பேப்பர் ஒட்டியிருந்தாங்கள். நல்ல காரியத்துக்குப் போகேக்கை முன்னுக்குக் கறுப்பு ஒட்டிக்கொண்டே போறது? ஈரத்துணியாலை வடிவாத் துடைச்சுப்போட்டுத்தான் பொட்டு வைச்சனான்.”

பென்சில் அடையாளமும் துடைபட்டுப் போயிருந்தது.

அக்கா யன்னலால் எட்டிப் பார்த்தார். என் முகத்தில் இருந்தே விளங்கியிருக்க வேண்டும். “அது முக்கியமான சாமானோ?”

“ஓம் அக்கா. அது இல்லாட்டில் இண்டைக்கும் பெயில்தான்.”

“ஐயோ, என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்!” என்று அவர் கணவரைப் பார்த்துக் கத்தினார். “தொட்டதுக்கெல்லாம் சந்தனம்! ஆஸ்பத்திரியிலை என்ரை எக்ஸ்ரேக்கும் பொட்டு வைச்ச மனிசன் தம்பி இவர்.”

பாலன் அண்ணையின் முகம் வெளிறிவிட்டது. பிழை அவருடையது அல்ல. முதல் நாளே நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார்.

டெறிக் கையில் தாள் செருகிய பலகையோடு வந்தார். ஆறடி உயரம், வீண்பேச்சு இல்லாத வெள்ளைக்காரர். பதினொரு வருடமாக அவரிடம் வாகனம் கொண்டு போகிறேன். ‘மோர்னிங்’, ‘தாங்க்யூ’ தவிர ஒரு சொல்லும் பேசியதில்லை. அன்று பேசினேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில், துண்டு துண்டாக. லைற்றைக் காட்டினேன். ஒட்டியது, உரித்தது, திங்கட்கிழமை வேலை, கையால் ஓட்டும் வாகனம், எல்லாம் சொன்னேன். பத்து நிமிடம் கேட்டேன்.

டெறிக் சந்தனப் பொட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். தான் இன்னும் வாகனத்தைப் பரிசோதனைக்குப் பதியவில்லை என்றார். தேநீர் குடிக்கப் போவதாகவும், அதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும் என்றும் சொன்னார். போகும்போது, லைற் வெளிச்சம் விழுந்து தெரியட்டும் என்று, வாகனத்துக்கு முன்னால் இருந்த வாசல் ஷட்டரை அவரே இறக்கிவிட்டார்.

குணம் அண்ணைக்குப் போன் போட்டேன். மிச்சக் கறுப்புத் துண்டோடு ஐந்து நிமிடத்தில் வந்தார். பாலன் அண்ணை தன் சால்வையாலேயே சந்தனத்தைத் துடைத்தார். நான் லைற்றின் முன் முழங்காலில் இருந்தேன். முதல் நாள் திரும்பித் திரும்பிச் சுவரைப் பார்க்க இரண்டு மணித்தியாலம் இருந்தது. இப்போது வெளிச்சம் விழுகிற ஷட்டர் என் முதுகுக்குப் பின்னால். திரும்ப நேரமில்லை. ஸ்ரியரிங்கில் இருந்த அக்காவுக்குத்தான் அது தெரியும்.

“அக்கா, வலப்பக்கம் படி மாதிரி ஏறுதெல்லோ, அது தெரியுதோ?”

“தெரியுது.”

“நான் விரலை நகர்த்துறன். படி போனவுடனை சொல்லுங்கோ.”

“இன்னும் இருக்கு... இருக்கு... கொஞ்சம் குறைஞ்சிட்டுது. இல்லை தம்பி, திரும்ப வந்திட்டுது. மேலை போங்கோ. மேலை... நில்லுங்கோ! போயிட்டுது!”

“முழுக்கவோ?”

“முழுக்க. நேர்க்கோடு மாதிரிக் கிடக்கு.”

ஒட்டினேன். அடுத்த லைற்றுக்குப் போனேன். அவர் கண், என் விரல். என் வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரோடு ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். பாலன் அண்ணை பக்கத்தில் நின்று “மேலை, மேலை” என்று தானும் சொல்ல, “நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ” என்று குணம் அண்ணையும் அக்காவும் ஒன்றாகச் சொன்னார்கள்.

டெறிக் வந்தார். வெளிச்சம் அளக்கும் பெட்டியை இடப்பக்க லைற்றின் முன் தள்ளினார். குனிந்து பார்த்தார். வலப்பக்கத்துக்குத் தள்ளினார். நகத்தால் கறுப்புத் துண்டின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். அது வரவில்லை. கணினிக்குப் போய் ஏதோ அடித்தார். அச்சு இயந்திரம் இரைந்தது. தாளை என்னிடம் தரவில்லை. நேரே காருக்குப் போய் அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா வாசித்தார். பிறகு தாளை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நான் அங்கே கிடந்த பழைய ரயரில் இருந்துவிட்டேன். மூன்று நாளாக என் மேல் ஏறியிருந்த பாரம் இறங்கியது தெரிந்தது.

“பாத்தியோ,” என்றார் பாலன் அண்ணை. “பொட்டு வைச்சபடியாத்தான் சரிவந்தது.”

“வீட்டை வாங்கோ, உங்களுக்கு வைக்கிறன் பொட்டு,” என்றார் அக்கா. கண் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

5. இப்போது செய்வது

இந்தத் தொழிலுக்கு வருகிற இளம் பிள்ளைகளுக்கு இதை எழுதச் சொன்னது குணம் அண்ணை. நான் சொல்ல, அவருடைய மகள் எழுதித் தந்தாள்.

ஒரே சின்னம் என்றால் ஒரே வாகனம் என்று நினைக்காதீர்கள். எந்த நாட்டு ரோட்டுக்குச் செய்தது என்று பாருங்கள். அதைவிட முக்கியமானது, செய்த வேலையை வாகனத்துக்கு உரியவரிடம் சொல்லுங்கள். நான் இப்போது எந்த வாகனத்தைக் கொடுத்தாலும் அதன் உரியவரோடு அதைச் சுற்றி ஒருதரம் நடப்பேன். இதை மாற்றினேன், இதைத் தொடவில்லை, இது எனக்குத் தெரியாது என்று சொல்வேன். கூச்சம் போகவில்லை. முகம் சூடாகும், சொல் இடறும். இருந்தாலும் நடப்பேன்.

சாந்தி அக்கா அந்தத் திங்கள் வேலைக்குப் போனார். இரவு எட்டு மணிக்குக் கராஜ் போனுக்கு எடுத்தார். மூன்று ஆஸ்பத்திரி ஓடினாராம். மழையாம். எதிரே வந்த ஒருவரும் லைற் அடிக்கவில்லையாம்.