பெயிண்ட் அடிக்காத எருமை

காயலான் கடையில் கிடைப்பதை வைத்துச் சிற்பம் செய்பவள் அவள். எதற்கும் பெயிண்ட் அடிக்க மாட்டாள். பொருளோடு வந்த நிறம்தான் நிறம். அடிப்பிடித்துக் கருகிய பாத்திரங்களை வருடக்கணக்கில் தேடிச் சேர்த்து, வெட்டி, தட்டித் தகடாக்கி, கருகிய பக்கம் வெளியே தெரிய ஓர் எருமை செய்திருந்தாள். கொம்புக்கு சைக்கிள் ஹேண்டில்பார். மாலையில் அதைக் கண்காட்சிக்கு ஏற்றிப்போக வண்டி வரும்.

மதியம் கடைக்குப் போய்த் திரும்பினால், எருமையின் ஒரு விலா பளபளவென்று மின்னியது. பக்கத்தில் மாமியார், கையில் பாத்திரம் தேய்க்கும் நார்.

"நாலு பேர் பார்க்கப்போறது. இப்படிக் கரியோடவா அனுப்புவே? தேய்ச்சு தேய்ச்சு என் கையே கழண்டுபோச்சு."

அவள் பையைக் கீழே போட்டுவிட்டு விலாவைத் தடவிப் பார்த்தாள்.

"கறுப்பு பெயிண்ட் அடிச்சுடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் கணவன்.

"எனக்குத் தெரியும்."

தேய்த்த தகடுகளைக் கழற்றினாள். எண்ணெயில் சர்க்கரையைக் குழைத்துத் தடவி, ஒவ்வொன்றாக அடுப்பில் வாட்டினாள். வீடெல்லாம் புகை. முதல் தகடு கன்னங்கரேலென்று வந்தது.

"அடியே, அடுப்புல என்னத்தைக் கருக விட்டே?" மாமியார் இருமிக்கொண்டே கத்தினார்.

"எருமையைத்தான் அத்தை! இன்னும் பாதி விலா பாக்கி இருக்கு. ஜன்னலைத் திறந்து வைங்க."