பேசிவ் பெட்டியும் டீச்சரின் காதும்

"காது டெஸ்ட் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்." எங்கள் பாஸ் குமரேசன் இதைச் சொல்லிவிட்டு நிதானமாக டீயை உறிஞ்சினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்புறச் சந்தில் இருந்த அவருடைய ஆடியோ கடையில் நான் ரொம்ப வருஷம் இன்ஸ்டாலர். அவர் காது டெஸ்ட் எடுக்கச் சொன்னது மீனா டீச்சரை. சுவா சூ காங்கில் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவர். நாங்கள் போட்டுக்கொடுத்த புது சிஸ்டத்தில் சிடி போட்டால் வயலின் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கிறது என்று இரண்டு தடவை போன் செய்திருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வால்யூம் கண்ட்ரோலில் இரண்டு வகை. பேசிவ் என்றால் வெறும் பெட்டி. கரண்ட் வேண்டாம், சிக்னலைக் குறைக்க மட்டும்தான் தெரியும். ஆக்டிவ் என்றால் உள்ளே சர்க்யூட் உண்டு. சிக்னலுக்குத் தெம்பு கொடுத்துத் தள்ளும். ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் ஆம்ப் பக்கத்திலேயே இருந்தால் பேசிவில் சத்தம் அவ்வளவு சுத்தமாக வரும். கேபிள் நீண்டுவிட்டால் மேல்ஸ்தாயி மழுங்கிப்போகும். இது பாஸுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மனுஷனுக்குப் பேசிவ் மீது பைத்தியம். "ஆக்டிவ்னா சத்தத்துல அழுக்கு லா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்வார்.

டீச்சர் வீட்டு ரெனவேஷனில் ஒரு கேபிள்கூடக் கண்ணில் படக்கூடாது என்று டிசைனர் சொல்லிவிட்டார். பாஸோ வால்யூம் பெட்டியைச் சோபா பக்கத்திலும் ஆம்பை எதிர்ச்சுவரிலும் வைக்கச் சொன்னார். அதனால் நடுவில் கேபிள் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஏறி, ஹாலைச் சுற்றி வந்து இறங்கியது. "பாஸ், இவ்ளோ நீளத்துக்கு ஆக்டிவ் போடுவோம்" என்று அன்றே சொன்னேன். "நீ கேபிள இழு, நஜீரு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்.

அந்தக் காது டெஸ்ட் பேச்சுக்கு மறுநாள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் சொந்த ஆக்டிவ் வால்யூம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறினேன்.

கதவைத் திறந்த டீச்சரின் முகமே சரியில்லை. "வாங்க நஜீர். காதுதான் போச்சுன்னு உங்க பாஸ் சொல்லிட்டாரே. ரெண்டு பிள்ளைங்கள வேற டீச்சர்கிட்ட அனுப்பிட்டேன். மத்தவங்களையும் இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"என்ன டீச்சர் இது! நீங்க வாசிக்கிறப்ப உங்களுக்குச் சரியாத்தானே கேக்குது?"

"அது காதுக்குக் கீழயே இருக்கு. பிள்ளைங்க தள்ளி உக்காந்து வாசிக்கிறாங்களே, அதுல தப்பு இருந்து என் காதுல விழலைன்னா? தப்பா சொல்லிக்கொடுத்துட்டா பாவம் இல்லையா?"

ஒரு பெட்டியின் மானத்தைக் காப்பாற்ற இந்த அம்மாவை இப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறாரே! பேசிவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஆக்டிவை மாட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. அதே சிடி, அதே ராகம். வில் கம்பியில் உரசுகிற சத்தம்கூடப் பளிச்சென்று வந்தது.

டீச்சர் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. "உங்க பாஸுக்குப் போன் போடுங்க" என்றார். போட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

"பெட்டியில ஒரு குத்தமும் இல்ல டீச்சர்" என்றார் பாஸ் போன் ஸ்பீக்கரில். "வெச்ச இடம்தான் சரியில்ல லா."

"அங்க வெக்கச் சொன்னது யாரு பாஸ்?" என்று கத்திவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் கத்தினேன்.

"ஸாரி டீச்சர்" என்றார் பாஸ்.

"என்கிட்ட வேணாம். அந்த ரெண்டு பிள்ளைங்களோட அம்மாங்க நம்பர் தரேன். டீச்சர் காது நல்லாருக்கு, எங்க சிஸ்டம்தான் சரியில்லன்னு நீங்களே பேசிச் சொல்லுங்க."

நான் கடைக்குத் திரும்பியதும் பேசினார். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் பேசி முடிக்கும்வரை நான் கடையில் அவர் எதிரிலேயே நின்றேன். ஒரு பிள்ளை திரும்பி வந்தது. இன்னொன்று வரவில்லை, புது டீச்சரிடம் பழகிவிட்டதாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பேசிவா ஆக்டிவா என்று கேட்டு வருகிறவரிடம், கேபிள் எவ்வளவு நீளம் என்று முதலில் கேளுங்கள். சத்தம் சரியில்லை என்று அவர் திரும்பி வந்தால் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள். அவருடைய காதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.