பக்கத்து நாற்காலியில் கற்ற அரபி

தையற்காரிக்கு நாற்பத்தேழு வயதில் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், டயாலிசிஸ் நாற்காலியில் இடது கையை அசைக்காமல் சாய்ந்திருக்க வேண்டும். ஒற்றைக் கையால் தைக்க முடியாது. சும்மா இருந்தே பழகாதவளுக்கு நோயைவிட அதுதான் பெரிய தண்டனை.

பக்கத்து நாற்காலியில் ஓர் அரபுக்காரி. தன் நாட்டு வானொலியில் இருபது வருடம் கதை சொன்னவள்; போருக்குப் பிறகு கணவனோடு இங்கே வந்து சேர்ந்தவள். எல்லோருக்கும் அவள் ரேடியோ அக்கா. நம் தமிழும் தட்டுத்தடுமாறி வரும்.

ஒருநாள் பொழுது போகாமல் அக்கா கதை சொல்லத் தொடங்கினாள். ராஜா, கிணறு, பேசும் கழுதை எல்லாம் வந்தன. எல்லாமே வானொலியில் வாசிக்கிற ஏட்டு அரபியில்; வீட்டில் பேசுவது வேறு. புரியாததை வலது கையால் நடித்துக் காட்டுவாள். அடுத்து என்ன ஆயிற்று என்று தையற்காரி அதே மொழியில், முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கழுதை வாயைத் திறக்காது.

"வார்த்தையோட வாலை முழுங்காதே. அர்த்தமே அங்கதான் இருக்கு" என்பாள் அக்கா.

ஒன்றரை வருடத்தில் ஊசி குத்திய வலியைக்கூட அந்த மொழியில் சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தையற்காரி தேறிவிட்டாள். அழைத்துப்போக வந்த அக்காவின் கணவரிடம் ஒருமுறை பேசிப் பார்த்தாள். மனிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செய்யுள் நடையில் வெங்காய விலை கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பிறகு அக்காவுக்குக் கிருமித்தொற்று; அதே ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்தார்கள். காய்ச்சலில் தமிழ் முழுக்க மறந்துபோயிற்று. கணவர் வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தார். நர்ஸ் தையற்காரியைத் தேடி வந்தாள்.

"அவங்க பாஷை உங்களுக்குத் தெரியுமே. என்ன கேக்கறாங்கன்னு கொஞ்சம் வந்து சொல்லுங்களேன்."

அக்கா விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அது வீட்டுப் பேச்சு. எந்தக் கதையிலும் வராதது. நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சது இது இல்லம்மா" என்றாள் தையற்காரி. முகம் சுருங்கிப்போயிற்று.

வேறு வழி தெரியாமல், அக்கா கடைசியாகச் சொல்லிப் பாதியில் நின்றிருந்த வியாபாரி மகளின் கதையை அக்காவின் காதருகே சொல்லத் தொடங்கினாள். பேச்சு மெல்ல அடங்கியது. ஓரிடத்தில் அக்கா கண் திறக்காமலே ஒரு சொல்லின் வாலைத் திருத்தினாள்.

கணவர் வந்தபோது அக்கா மறுபடி முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள்; அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். "குளிருதுன்னு அவ அம்மாகிட்ட சொல்லிட்டு இருக்கா" என்றார். கம்பளி கட்டிலின் கால்மாட்டிலேயே மடித்துக் கிடந்தது.

மூன்றாம் நாள் அக்கா போய்விட்டாள்.

துக்கம் கேட்கப் போனபோது, வியாபாரி மகள் கடைசியில் என்ன ஆனாள் என்று கணவரிடம் தையற்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"முப்பது வருஷமா கேட்டேம்மா. எப்பவும் பாதியிலயே தூங்கிருவேன்" என்றார் அவர்.

பக்கத்து நாற்காலிக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். ஊசி ஏறியதுமே குறட்டை. தனக்கு வேறு இடம் கொடுக்கும்படி தையற்காரி கேட்டுப் பார்த்தாள். காலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.