கிரிஜா கழுவிய பேனல்

பூனாவை அடுத்த சாகணில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கிரிஜாவுக்குக் கடைசிப் பரிசோதனை மேசையில் வேலை. அவள் கையைத் தாண்டி ஒரு கீறல்கூட வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். அவள் படிப்பு பன்னிரண்டாவதோடு நின்றுபோனது. அந்தக் குறையைத் தம்பி நிர்மலை வைத்துத் தீர்த்துக்கொண்டாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், தேஹு ரோடு வருவதற்குள், தம்பி மின்சக்திப் பொறியியலில் எம்.டெக். இரண்டாம் வருஷம் படிப்பதும், ஜூனில் முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேரப்போவதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நிர்மலின் ஆராய்ச்சி வீட்டு மொட்டை மாடியில்தான் நடந்தது. மழை ஓய்ந்த அக்டோபரில் அங்கே இரண்டு சோலார் பேனல்களைப் பொருத்திவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பினான். ஞாயிறுதோறும் வந்து ஒன்றை மட்டும் துடைத்துவிட்டுப் போவான். அவசரக்காரன், இன்னொன்றைத் துடைக்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று கிரிஜா நினைத்துக்கொண்டாள். கேட்டிருக்கலாம். இதுகூடத் தெரியவில்லையே அக்காவுக்கு என்று நினைத்துவிடுவானோ என்று கேட்காமலே இருந்துவிட்டாள்.

போகியன்று பரணிலிருந்து வாசற்படி வரை தேய்த்துக் கழுவியவள், வாளியோடு மாடிக்கும் ஏறினாள். மறுநாள் பொங்கல் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பேனல் தூசி அப்பிக் கிடந்தது. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? பறவை எச்சத்தைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கீறல் விழாமல் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் பளிச்சென்று துடைத்தாள். இரண்டு பேனலுக்கும் சட்டத்தின் நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம் வைத்தாள். சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறபோது, வெயிலைக் கரண்டாக்குகிற பொருளுக்குப் பொட்டு வைக்காமல் விடுவதா?

மறுநாள் பானை பொங்கி, இறக்கியும் ஆகிவிட்டது. கீழ்வீட்டு ஸ்டெல்லாவும் எதிர்வீட்டுப் பார்வதியும் கிண்ணத்தோடு மாடியில் நின்றபோது நிர்மல் வந்தான். கூடவே வகுப்புத் தோழன் தினேஷ்.

“இதான் எங்க நிர்மலோட ஆராய்ச்சி,” என்று கிரிஜா பேனலைக் காட்டினாள்.

நிர்மல் அங்கேயே நின்றுவிட்டான். “யாரு அக்கா இதைத் துடைச்சது?”

“வேற யாரு? நான்தான். உனக்குத்தான் ஒண்ணைத் துடைக்கறதுக்குள்ள கை வலிச்சிடுதே!”

ஸ்டெல்லா சிரித்தாள். தினேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். “அக்கா, அவன் ஆராய்ச்சியே அந்தத் தூசிதான். தூசி படிஞ்ச பேனல் எவ்வளவு கரண்டை இழக்குதுன்னு பாக்கறான். பிப்ரவரி முடியற வரைக்கும் அதைத் தொடவே கூடாது…”

“சோட் நா யார், விட்டுடு,” என்று நிர்மல் அவனை மறித்தான். “பொங்கல் ஆறுது. சாப்பிடலாம்.”

அத்தனை பேர் முன்னால் அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். திட்டியிருந்தால் கிரிஜாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பார்வதி கிளம்பும்போது அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனது இன்னும் கூசியது.

மத்தியானம் தினேஷ் புறப்பட்டுப் போனான். நிர்மல் படுத்ததும், கிரிஜா காலி மனையிலிருந்து ஒரு முறம் மண்ணை அள்ளிக்கொண்டு மாடி ஏறினாள். மாவுச் சல்லடையால் அந்தப் பேனல்மேல் சலித்துத் தூவினாள். ஒரு கட்டி இல்லாமல், எல்லா இடத்திலும் ஒரே சீராக.

“என்னக்கா பண்றே?”

பின்னால் நிர்மல்.

“முன்ன இருந்த மாதிரியே… கொஞ்சம்…”

அவன் சல்லடையைப் பார்த்தான். அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். “அரே அக்கா, பூனால எந்தக் காத்து தூசியைச் சலிச்சு அடிக்குது?” சட்டென்று சிரிப்பு நின்றது. “இதை வெச்சு எழுதினா நான் திருடன்க்கா.”

அங்கிருந்தே அவனுடைய பேராசிரியருக்குப் போன் செய்தான். இந்தியில் பேசினான், கிரிஜாவுக்கு எல்லாம் புரிந்தது. பண்டிகைக்காக வீட்டில் கழுவிவிட்டார்கள் சார், தொடக்கூடாதென்று நான் சொல்லி வைக்கவில்லை, தப்பு என்னுடையது. அக்கா என்ற வார்த்தையே அவன் வாயிலிருந்து வரவில்லை. அவள் முறத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

“இன்னிலேருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்றார். மே கடைசி வரைக்கும் ஓடும். ஜூன்ல குடுக்க முடியாது. அடுத்த தவணை டிசம்பர்தான்.”

“பெங்களூர் வேலை?”

“கேட்டுப் பாக்கணும். காத்திருப்பாங்களான்னு தெரியல.”

மண்ணைக் கழுவி இருவரும் பேனலைத் துடைத்தார்கள். பிறகு அவன் ஒரு அட்டையையும் தடிமனான பேனாவையும் கொண்டுவந்து, மராத்தியிலும் இந்தியிலும் எழுதிவிட்டு அவளிடம் நீட்டினான்.

“தமிழ்ல நீ எழுது. எனக்கு எழுத வராதுல்ல.”

“இந்தத் தெருவுல தமிழ் படிக்கறவங்க யாருடா இருக்காங்க?”

“நீ இருக்கியே.”

அவன் கேலியாகத்தான் சொன்னான். கிரிஜாவுக்குக் காது மடல் வரை சுட்டது. தரையில் உட்கார்ந்து, அட்டையைத் தொடைமேல் வைத்து, ‘தொடாதீர்கள், துடைக்காதீர்கள்’ என்று எழுத்து கோணாமல் எழுதிக் கொடுத்தாள்.